காய்ச்சலை ஏன் மறைத்தார்கள்? கொரோனா காலத்து டெல்டா கிராமங்களும் ஆபத்துக் கணக்கும்

வெண்ணாறு எழுதியது:

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் ஊராட்சியிலும் சுகாதாரத்திலும் சுய உதவிக் குழுக்களிலும் வேலை பார்க்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கொரோனா பேச்சு எடுத்தாலே "சனங்களுக்கு விழிப்புணர்வு பத்தலை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அதை நான் ஏற்கவில்லை. யாருக்காவது போன் போட்டால் மணி அடிக்கும் முன்னாலேயே இருமல் சத்தமும் அறிவுரையும் கேட்ட காலம் அது. தகவல் போய்ச் சேராத வீடே கிடையாது. ஆனாலும் 2021 மே மாதம், தமிழ்நாட்டில் ஒரு நாள் தொற்று 36,000-ஐத் தாண்டிய அதே வாரங்களில், பம்புசெட் குறுவை நடவுக்குக் காய்ச்சலோடு வண்டி ஏறியவர்கள் இருந்தார்கள். 2020 ஏப்ரலில், மாநிலம் முழுவதும் சேர்த்துத் தினம் நூறு பேர் என்பதே பெரிய செய்தியாக இருந்த நேரத்தில், முள்ளை வெட்டிப் போட்டு வெளியாளை மறித்த ஊர்களும் இதே ஊர்கள்தான்.

ஆபத்து குறைவாக இருந்தபோது பயம் உச்சத்தில் இருந்தது. ஆபத்து ஏறியபோது பயம் இறங்கிவிட்டது. இது ஏன் நடந்தது, அடுத்த தொற்று வந்தால் ஊராட்சி அளவில் எதை மாற்றிச் செய்வது? பொதுவாகப் பேசாமல் அளவோடும் முறையோடும் எழுதினால் எல்லாருக்கும் உதவும்.

குடமுருட்டி எழுதியது:

முதல் கேள்விக்கு ஆராய்ச்சியில் தெளிவான பதில் இருக்கிறது. பால் ஸ்லோவிக் என்ற உளவியலாளர் 1987-இலேயே எழுதியது: மக்கள் ஆபத்தை அளக்கும்போது சாவு எண்ணிக்கையை முதலில் பார்ப்பதில்லை. இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள். இது எவ்வளவு கொடூரமானது? இது எவ்வளவு புதுசு? 2020-இல் இரண்டுக்கும் பதில் உச்சத்தில் இருந்தது. பிணத்தைக்கூட வீட்டுக்குத் தரமாட்டார்கள் என்பதைவிடக் கொடூரம் நம்ம ஊரில் வேறென்ன இருக்கிறது? ஒரு வருஷத்தில் நோய் பழகிப் போனது. தெருவில் நாலு பேருக்கு வந்து நாலு பேரும் எழுந்து நடந்தார்கள். புதுசு என்பது போனதும் பயத்தில் பாதி போய்விட்டது. வைரஸ் மாறியிருக்கிறது, வேகமாகப் பரவுகிறது என்பது ஆய்வகத்துக்குத் தெரிந்த செய்தி. அது கண்ணுக்குத் தெரியாது.

மறைத்ததற்குக் காரணம் தனி. அதை ஒரே சொல்லில் சொல்லலாம்: தகரம். பாசிட்டிவ் என்று தெரிந்த வீட்டு வாசலிலும் தெருமுனையிலும் தகரம் வைத்து அடைத்தார்கள். அதோடு அந்த வீட்டுக்குப் பால்காரர் வருவதில்லை, குடும்பத்தில் ஒருவரையும் நடவுக்குக் கூப்பிடுவதில்லை, கடையில் கடன் நின்றுபோகிறது. பரிசோதனை செய்யாமல் இருந்தால் இதில் எதுவும் இல்லை. கட்டாயம் வரும் கஷ்டம் ஒரு பக்கம், வரலாம் வராமலும் போகலாம் என்கிற நோய் இன்னொரு பக்கம். கூலிக்காரர் மூக்கில் குச்சி விடவேண்டாம் என்று முடிவெடுத்ததில் அறியாமை எங்கே இருக்கிறது?

இதோடு அம்மை போட்ட வீட்டை வைத்துப் பாருங்கள். நிலையில் வேப்பிலை செருகினால் யாரும் சொல்லாமலே வெளியாள் உள்ளே நுழைவதில்லை. வீட்டுக்காரர்கள் கல்யாணம், காதுகுத்துக்குப் போவதில்லை. அடுப்பில் தாளிப்புக் கிடையாது. பக்கத்து வீட்டிலிருந்து இளநீரும் கூழும் வாசல் வரை வரும். கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகுதான் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். பொருக்குத் தட்டும்வரை தொற்றும் என்றுதான் மருத்துவமும் சொல்கிறது. இது முழுத் தனிமைப்படுத்தல். போலீஸ் இல்லை, தகரம் இல்லை, மறைப்பவரும் அநேகமாக இல்லை. நோயாளிக்கு அங்கே மரியாதை இருக்கிறது, வீட்டுக்குச் சாப்பாடு வருகிறது. இந்த இரண்டையும் எடுத்துவிட்டுத் தனிமையை மட்டும் கேட்டோம். ஊர் தரவில்லை.

கோரையாறு எழுதியது:

குடமுருட்டி அண்ணே, தகரம் பற்றி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பயமே வேண்டாம் என்கிற பக்கம் இந்தப் பேச்சு போகுமோ என்று கவலையாக இருக்கிறது. பயம் இருந்ததால்தான் 2020-இல் சந்தை அடங்கியது. கோயம்பேட்டில் பரவி, வேலை பார்த்தவர்கள் ஊர் திரும்பி, அரியலூர், கடலூர், விழுப்புரம் என்று எண்ணிக்கை ஏறியபோது ஊர்க்காரர்களே தகவல் சொன்னார்கள். பயமுறுத்தாமல் எப்படி அடக்குவது?

அரசலாறு எழுதியது:

கோரையாறு சொன்னதற்கு: பயம் வேலை செய்யும், ஒரு நிபந்தனையோடு. கிம் விட்டே என்ற ஆய்வாளர் 1992-இல் வகுத்துச் சொன்னது இது. ஆபத்து பெரிது என்று சொல்லும்போது கூடவே "இதைச் செய், இது உன்னால் முடியும், செய்தால் பலன் உண்டு" என்பதும் சேர்ந்து வந்தால் மனிதர் ஆபத்தைக் குறைக்கப் பார்ப்பார். வழி இல்லாமல் பயம் மட்டும் வந்தால் பயத்தைக் குறைக்கப் பார்ப்பார். பயத்தைக் குறைக்கச் சுலபமான வழி "அதெல்லாம் சும்மா, சாதா சளிதான்" என்று சொல்லிக்கொள்வது. ஒரே ஜன்னல் உள்ள தொகுப்பு வீட்டில் ஆறு பேர் படுக்கிற குடும்பத்திடம் "தனி அறை, தனிக் கழிப்பறை" என்று சொன்னால் அவர்கள் காதில் விழுவது "உன்னால் முடியாது" என்பது மட்டும்தான். அதற்குப் பிறகு என்ன சொன்னாலும் ஏறாது.

அந்த வீட்டுக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும்? நோயாளியைத் திண்ணைக்கு மாற்றுங்கள். கொசுவலை கட்டி, மறைப்புக்கு ஒரு பழைய சேலையை மேல்பக்கம் திறப்பு விட்டுத் தொங்கவிடுங்கள். மற்றவர்கள் உள்ளே. மூடிய அறைக்குள் தனியாகப் படுப்பதைவிடக் காற்றோட்டமான திண்ணை வீட்டாருக்குப் பாதுகாப்பு. கழிப்பறை ஒன்றுதான் என்றால் நோயாளி கடைசியில் போகட்டும், போனபின் கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். சாப்பாட்டைத் திண்ணை விளிம்பில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்று பேசலாம். இது முடிகிற காரியம். முடிகிற காரியத்தைச் சொன்னால் செய்வார்கள்.

"நமக்கு வராது" என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2,000 பேர் உள்ள ஊர் என்று வைத்துக்கொள்வோம். தொற்றியவர்களில் 200-க்கு ஒருவர் இறப்பார், அலை முடியும்போது 800 பேருக்குத் தொற்றியிருக்கும் என்றால் மொத்தச் சாவு 4. முதல் 100 பேருக்குத் தொற்றும்வரை ஒரு சாவுகூட இல்லாமல் போகலாம். தொற்றிய நாளிலிருந்து அறிகுறிக்குச் சராசரியாக 5 நாள், 14 வரையும் போகலாம். அறிகுறிக்கு இரண்டு நாள் முன்பிருந்தே பிறருக்குப் பரவும். மூச்சு மோசமாவது பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில். ஆக, முதல் சாவு விழுந்து ஊர் திடுக்கிடும் நாளில், அதற்கு மூணு வாரம் முந்திய நிலவரத்தைத்தான் ஊர் பார்க்கிறது. நடுவில் பரவியது கண்ணில் படாது. 2021 ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு முழுக்க எடுத்த ரத்தப் பரிசோதனையில் 67.6 சதவீதம் பேருக்கு நோய் எதிர்ப்புப் பொருள் இருந்தது. தடுப்பூசி போட்டவர்களையும் சேர்த்த கணக்கு அது. பரிசோதனையில் பாசிட்டிவ் என்று பதிவானவர்கள் அதில் சிறு பங்குதான்.

அதனால் ஊரில் சாவை எண்ணாதீர்கள். காய்ச்சல் வீடுகளை எண்ணுங்கள். தெருவுக்கு ஒரு பெண், சுய உதவிக் குழுவிலிருந்து. தினம் ஒரே நேரம், ஒரே கேள்வி: "இன்னிக்கு யாருக்காவது புதுசா காய்ச்சல், இருமல், வாசனை தெரியாம இருக்கா?" பெயர் எழுத வேண்டாம், எண்ணிக்கை போதும். மூணு நாள் தொடர்ந்து ஏறினால் கிராம சுகாதார செவிலியருக்குச் சொல்லிக் காய்ச்சல் முகாம் கேளுங்கள்.

பாமணியாறு எழுதியது:

மருந்துக் கடைப் பக்கம் நடந்ததையும் சேர்க்க வேண்டும். பரிசோதனைக்குப் பயந்தவர் எங்கே போனார்? மெடிக்கலுக்குத்தான். "காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்க." அந்தச் செட்டில் பாராசிட்டமால் இருந்தால் பரவாயில்லை. பல இடத்தில் ஸ்டீராய்டு மாத்திரையும் இருந்தது. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காத்த மருந்துதான். 2020 ஜூனில் வந்த, ரெக்கவரி என்ற பிரிட்டன் மருந்தாய்வின் முடிவின்படி செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர்களிடம் சாவை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் வைத்திருப்பவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவருக்குப் பலன் இல்லை. முதல் வாரத்திலேயே சாப்பிட்டால் கெடுதலும் உண்டு. காய்ச்சல் இறங்கும், பசிக்கும், உடம்பு தெம்பாக இருக்கும். "சரியாயிடுச்சு" என்று வயலுக்குப் போவார். வைரஸோ உள்ளே பெருகிக்கொண்டிருக்கும். சர்க்கரை உள்ளவருக்குச் சர்க்கரை எகிறும். 2021 மே, ஜூனில் கருப்புப் பூஞ்சை வந்ததில் கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த கூட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆகவே மெடிக்கல்காரரை எதிரியாக்காமல் கண்காணிப்பில் சேருங்கள். ஒரு வாரத்தில் எத்தனை பேர் காய்ச்சல் மாத்திரை கேட்டார்கள் என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் 500 அல்லது 650, ஆறு மணி நேர இடைவெளியில். 24 மணி நேரத்தில் எல்லாம் சேர்த்து 4 கிராமைத் தாண்டக் கூடாது. தினம் குடிப்பவர், கல்லீரல் நோய் உள்ளவர் மருத்துவரிடம் கேட்டுக் குறைத்துக்கொள்ள வேண்டும். இந்த மூணு வரியைக் கடையில் ஒட்டினாலே போதும்.

கபசுரக் குடிநீர் பற்றிச் சண்டை வேண்டாம். குடிக்கிறவரிடம் "குடிக்காதே" என்று சொன்னால் அடுத்து நாம் சொல்லும் எதையும் கேட்கமாட்டார். "குடிங்க, ஆனா குடிச்சிட்டோம்னு மாஸ்க்கைக் கழட்டாதீங்க, ரத்தத்துல ஆக்சிஜன் அளவு பார்க்க ஆக்சிமீட்டர்ல விரல் வைக்கிறதை நிறுத்தாதீங்க" என்று சொல்லுங்கள். ஒரு பாதுகாப்பு இருக்கிறது என்ற நினைப்பு வந்ததும் இன்னொன்றைக் கைவிடுவது மனித இயல்பு. பிளீச்சிங் பவுடரும் அப்படித்தான். தெருவோரம் வெள்ளைக் கோடு போட்டதும் ஊருக்கு நிம்மதி வந்தது. நோயோ பெரும்பாலும் காற்று வழியாக வந்தது. கிருமிநாசினிச் சுரங்கம் என்று ஆள்மேல் மருந்து தெளித்ததை 2020 ஏப்ரலிலேயே மத்திய சுகாதார அமைச்சகம் வேண்டாம் என்றது. பவுடர் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் கழிப்பறை, கைப்பிடிக்கு மட்டும். 30 சதவீதக் குளோரின் உள்ள பவுடர் 10 லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் போட்டால் ஏறத்தாழ 0.1 சதவீதக் கரைசல். மூட்டையைத் திறந்து வைத்தால் வீரியம் போய்விடும். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும்.

வெட்டாறு எழுதியது:

மாஸ்க் பற்றி யாரும் எழுதவில்லையே. இதில் நமக்கு மிக நெருக்கமான ஆதாரம் வங்கதேசத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 600 கிராமம், மூன்று லட்சத்துக்கு மேல் ஆட்கள். நெல் விளைகிற, நெருக்கமான வீடுகள் உள்ள, நம்ம மாதிரி ஊர்கள். வீட்டுக்கு வீடு இலவச மாஸ்க், தெருவிலும் சந்தையிலும் ஆள் நின்று மரியாதையாக நினைவூட்டல், பள்ளிவாசல் இமாமும் ஊர்ப்பெரியவர்களும் தாங்களே போட்டுக் காட்டுவது. இவ்வளவும் சேர்ந்ததும் மாஸ்க் போடுவோர் 13 சதவீதத்திலிருந்து 42-க்கு ஏறினார்கள். குறுஞ்செய்தி அனுப்பியதும், வாசலில் அறிவிப்புப் பலகை மாட்டியதும், உறுதிமொழி வாங்கியதும் அதற்கு மேல் எதையும் கூட்டவில்லை. அறுவைசிகிச்சை மாஸ்க் கொடுத்த ஊர்களில் அறிகுறியோடு உறுதியான தொற்று சுமார் 11 சதவீதம் குறைந்தது. நம்ம பக்கம் காசு எதற்குப் போனது? பேனருக்கும் அபராதச் சீட்டுக்கும்.

எங்கே போடுவது என்பதிலும் விவரம் வேண்டும். வயலில் வரிசையாகக் குனிந்து நடவு நடுகிற இடத்தில் மாஸ்க் கேட்காதீர்கள். வியர்வையில் நனைந்து மூச்சு முட்டும். திறந்தவெளி வேறு. ஆபத்து வண்டியில் இருக்கிறது. லோடு வண்டியில் இருபது பேர் நெருக்கி, மழைக்குத் தார்ப்பாய் மூடி, பாட்டும் பேச்சுமாக முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்துக்கு மாஸ்க், தார்ப்பாயின் இரண்டு பக்கமும் சுருட்டிக் கட்டுவது, முடிந்தால் இரண்டு நடை. இதை நடவுக்கு ஆள் திரட்டிவரும் கொத்துக்காரரிடம் பேசி முடிக்க வேண்டும். டீசல் யார் செலவு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் நடக்காது.

நெல் கொள்முதல் நிலையத்திலும் இதே பார்வைதான். 40 கிலோ மூட்டையைத் தூக்குகிறவர் மாஸ்க் போட்டுத் தூக்க முடியாது, அவர் வெளியில்தான் இருக்கிறார். ஈரப்பதம் பார்க்கிற மேசை, பட்டியல் எழுத்தர் அறை, பணம் விசாரிக்கும் கூட்டம், இங்கேதான் அடைசல். மேசையை மரத்தடிக்குக் கொண்டுவந்து, நேரம் எழுதிய டோக்கன் கொடுத்தாலே பாதி நெரிசல் போய்விடும். ஆனால் டோக்கன் வரிசை மாறி யாராவது முன்னால் போனதைக் கண்டால் நாளையிலிருந்து எல்லாரும் விடியற்காலையிலேயே வந்து குவிவார்கள். நம்பிக்கை கெட்டால் எந்த ஏற்பாடும் நிற்காது.

கோரையாறு எழுதியது:

நல்ல விளக்கம், வெட்டாறு அக்கா. தடுப்பூசித் தயக்கம் பற்றியும் யாராவது எழுதுங்கள். அடுத்த முறையும் அதுதான் பெரிய முட்டுக்கட்டையாக இருக்கும்.

குடமுருட்டி எழுதியது:

தமிழ்நாட்டில் அதற்கு ஒரு தேதியே உண்டு. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டுக்கொண்டார். 17 அன்று மாரடைப்பில் இறந்தார். ஊசிக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்று தேசிய அளவிலான ஆய்வுக்குழு சொல்வதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. எல்லாருக்கும் பிடித்த மனிதர், மற்றவர்களைப் போடச் சொல்லிவிட்டுத் தானும் போட்டவர். அந்தச் சாவு மனதில் நின்றது போல எந்தப் புள்ளிவிவரமும் நிற்காது. அதைக் கேலி செய்வதோ "வதந்தி" என்று தள்ளுவதோ தப்பு. ஒரு சாதாரண நாளிலேயே நம் மாநிலத்தில் ஆயிரம் பேருக்கு மேல் இறக்கிறார்கள். லட்சக்கணக்கில் ஊசி போடும் நாட்களில் அவர்களில் சிலர் முந்தின நாள் ஊசி போட்டவராக இருப்பார்கள். இதை ஊசி ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும். சாவு விழுந்த பிறகு சொன்னால் சமாளிப்பாகத்தான் கேட்கும்.

இரண்டாவது காரணம் கூலி. கோவிஷீல்டு போட்டால் ஒன்றிரண்டு நாள் காய்ச்சல், கைவலி பலருக்கு வந்தது. நடவு நேரத்தில் இரண்டு நாள் கூலி போவது சின்ன விஷயம் இல்லை. "பக்கவிளைவு லேசானது" என்று மருத்துவர் சொன்னது உடம்புக்குச் சரி, வீட்டுக் கணக்குக்குச் சரியில்லை. முகாமை நடவு தொடங்குவதற்கு முந்திய வாரத்தில், மாலை நேரத்தில் வையுங்கள். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் போடாதீர்கள். இரண்டு பேர் படுத்தாலும் மாட்டைப் பார்க்க ஒருவர் நிற்கவேண்டும்.

மூன்றாவது, கறியும் குடியும். ஊசி போட்டால் இரண்டையும் தொடக் கூடாது என்ற பேச்சு பரவி, ஞாயிற்றுக்கிழமை மெகா முகாமுக்கு வரத் தயங்கினார்கள். 2021 அக்டோபரில் அரசு முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றியது. மக்களோடு வாதாடாமல் கிழமையை மாற்றினார்கள் பாருங்கள், அந்தக் காலத்தில் எடுத்த அருமையான முடிவுகளில் அது ஒன்று என்பேன்.

வெண்ணாறு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தனிமையில் இருக்கும் வீட்டுக்கு ஊர் கொடுக்கவேண்டியதைக் கணக்குப் போட்டேன். 2021 வழிகாட்டுதலில் வீட்டுத் தனிமை அறிகுறி தொடங்கிப் பத்து நாள், அதில் கடைசி மூணு நாள் காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும். நாலு பேர் வீட்டுக்குப் பத்து நாளைக்கு அரிசி 16 கிலோ, பருப்பு 2 கிலோ, எண்ணெய் ஒரு லிட்டர், காய்கறி, பால், மளிகைச் சில்லறை. கறவை மாடு இருந்தால் வைக்கோலே தினம் 5, 6 கிலோ, தண்ணீர் காட்ட ஒரு ஆள். வெளியூர் ஆள் வேண்டாம், பங்காளி வீட்டிலிருந்தே ஒருவரைக் கேட்டால் மாடும் மிரளாது. நூறு நாள் வேலை அட்டை இருந்தால் வேலை போய்விடும் என்ற பயத்தை ஊராட்சிச் செயலரே நேரில் போய் நீக்க வேண்டும்.

தண்டோராவுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

"ஊர் மக்களுக்குத் தெரிவிப்பது. யாருக்காவது காய்ச்சல் இருந்தால் தெரு அக்காவிடம் சொல்லவும். வாசலில் தகரம் வைக்கமாட்டோம். பத்து நாள் சாமானும் மாட்டுக்கு வைக்கோலும் வீட்டுக்கு வரும். மூச்சுத் திணறினால் உடனே 108."

பாமணியாறு எழுதியது:

கடைசி வரியை மாற்ற வேண்டும், ஐயா. இந்த நோயில் ரத்தத்தில் ஆக்சிஜன் 85 சதவீதத்துக்கு இறங்கியும் திணறல் தெரியாமல் பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. திணறலுக்குக் காத்திருந்தால் நேரம் போய்விடும். ஆக்சிமீட்டர்தான் வழி. தெருவுக்கு ஒன்று போதும், ஆனால் வைக்கும் முறை முக்கியம். ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வையுங்கள். மருதாணி, நகப்பூச்சு உள்ள விரல் வேண்டாம். சேற்றில் நின்ற கை ஜில்லென்று இருக்கும், தேய்த்துச் சூடாக்குங்கள். நடுவிரல் அல்லது ஆள்காட்டி விரல், கை நெஞ்சு மட்டத்தில், ஆடாமல். எண் குதித்துக்கொண்டே இருந்தால் எழுதாதீர்கள், அரை நிமிஷமாவது நிலைத்த பிறகு எழுதுங்கள். காலை, மதியம், இரவு மூணு வேளை. 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி. அதற்கு மேல் இருந்தாலும் ஆறு நிமிஷம் வீட்டுக்குள் நடக்கவிட்டுப் பாருங்கள், 3, 4 புள்ளி இறங்கினால் அதுவும் எச்சரிக்கை. மூச்சு வாங்குகிறவரை நடக்கவிடாதீர்கள்.

இன்னொன்று: கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூட்டிக் காட்டலாம் என்று 2020 டிசம்பரிலேயே ஆய்வு வந்துவிட்டது. வெயிலில் உழைக்கிற நம்ம ஆட்களுக்கு இது பொருந்தும். நேற்று 98, இன்று 95 என்றால் "94-க்கு மேலதானே" என்று விடக் கூடாது. ஒற்றை எண்ணைவிட இறங்கும் போக்குதான் முக்கியம். கருவியை ஒவ்வொரு விரலுக்குப் பிறகும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக் காய விடவேண்டும். சீசன் முடிந்து எடுத்து வைக்கும்போது பேட்டரியைக் கழற்றாவிட்டால் கசிந்து அடுத்த முறை கருவி வேலை செய்யாது.

வெட்டாறு எழுதியது:

அப்படியானால் கடைசி வரி: "காய்ச்சல் உள்ளவர் மூணு வேளையும் தெரு அக்காவிடம் விரல் வைத்துப் பார்க்கவும். 94-க்குக் கீழே என்றால் மூச்சு நன்றாக இருந்தாலும் உடனே 108." தகரம் பற்றிய வரியைச் செயலரும் தலைவரும் ஒத்துக்கொண்ட பிறகு மட்டும் அறிவியுங்கள். ஒரு வீட்டில் மீறினால் மொத்த அறிவிப்பும் பொய்யாகிவிடும். தண்டோராவைக் காலை ஐந்தரைக்கு முன் போடச் சொல்லுங்கள், ஆறு மணிக்கு நடவு வண்டி கிளம்பிவிடும். சாயந்திரம் ஆண்கள் டீக்கடையில் இருக்கும் நேரத்தில் இன்னொரு முறை.